பழைய கம்ப்யூட்டரும் என் காதும்

என் மனைவி வெளிநாட்டுக்காரர்களுக்குத் தமிழ் பேசச் சொல்லித் தருகிறாள். அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். செங்கம் சாலையில், ஆசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் அறை எடுத்துத் தங்குகிறவர்களில் சிலருக்கு, பூ விற்கும் அம்மாவிடமும் ஆட்டோக்காரரிடமும் தமிழிலேயே நாலு வார்த்தை பேச வேண்டும் என்று ஆசை வரும். அப்படி ஒரு ஜெர்மன் பெண்மணிக்குத் தொடங்கிய வகுப்பு, அவர் ஊர் திரும்பிய பிறகும் நிற்கவில்லை. அவர் சொல்லி இன்னும் சிலர் சேர்ந்தார்கள். இப்போது வாரத்தில் பாதி நாள், மாலையானால் வேங்கிக்காலில் எங்கள் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எங்கோ குளிரில் கம்பளி போர்த்தியிருக்கும் ஒருவரை "எனக்கு ரெண்டு முழம் மல்லி வேணும்" என்று சொல்ல வைத்துக்கொண்டிருப்பாள்.

அந்தக் கம்ப்யூட்டர் எங்கள் மகள் கல்லூரியில் படித்தபோது வாங்கியது. அவள் படித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகி வேறு மாநிலத்துக்கே போய்விட்டாள். கம்ப்யூட்டர் எங்களோடு தங்கிவிட்டது. மேசைக்குக் கீழே கறுப்புப் பெட்டி, மேலே திரை. மின் கட்டணம் கட்டவும் கடிதம் அடிக்கவும் அது போதுமானதாகத்தான் இருந்தது. வீடியோ வகுப்பைத்தான் அதனால் தாங்க முடியவில்லை. கொஞ்ச நேரம் ஒழுங்காகப் போகும். பிறகு மனைவியின் முகம் வாய் திறந்தபடியே உறைந்துவிடும். ஒருநாள் அந்த ஜெர்மன் பெண்மணி, தான் படித்த தமிழிலேயே, "டீச்சர், நீங்க மறுபடியும் சிலை ஆயிட்டீங்க" என்றார். மனைவி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு என்னிடம், "இதுக்கு ஏதாவது பண்ணுங்க" என்றாள்.

நான் சர்வேயராக இருந்தவன். இந்த மாவட்டத்தின் பாதிக் கிராமங்களில் வரப்பு வரப்பாக நடந்து நிலம் அளந்திருக்கிறேன். கருவிகளைப் பிரித்து மாட்டப் பயப்படாதவன் என்று எனக்கே ஒரு நினைப்பு உண்டு. டவுனுக்குக் கூடவே வந்த மனைவி பக்கத்துக் கடையில் ஏதோ வாங்கப் போக, நான் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குள் போய் விவரம் சொன்னேன். நாற்பது வயது இருக்கும் கடைக்காரருக்கு. பெட்டியின் மாடல் எண்ணைக் கேட்டுக்கொண்டார்.

"மெமரி கம்மியா இருக்கு சார், அதான் திணறுது. பழைய ஆளுங்க எல்லாத்துக்கும் வர்ற பிரச்சனைதான்" என்றார். கம்ப்யூட்டரைத்தான் ஆள் என்றார். எனக்குச் சுருக்கென்றது. அதற்குக் காரணம் இருந்தது, சொல்கிறேன்.

அவர் விரல் நீளத்துக்கு ஒரு பச்சை அட்டையைக் கொடுத்தார். மெமரியைக் கூட்டும் ராம் என்பது அதுதான். "உள்ள ராம் செருகற ஸ்லாட் ரெண்டு இருக்கும். ஒண்ணுல பழைய ராம் இருக்கும், இன்னொண்ணு காலியா இருக்கும். பிளக்க புடுங்கிட்டு, ஒடம்புல கரண்டு இருந்தா போறதுக்கு பெட்டி இரும்பை ஒரு தடவ தொட்டுக்கிட்டு, காலியா இருக்கறதுல இத வச்சி அமுக்குங்க. ரெண்டு பக்கமும் கிளிப்பு தானா மாட்டிக்கும். இதுக்குப் போயி பெட்டிய தூக்கிட்டு வரணுமா? நீங்களே போட்டுக்கலாம் சார்."

எனக்குச் சுருக்கென்றதற்குக் காரணம், அப்போது சில மாதங்களாக நான் ஒரு பயத்தை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

வீட்டில் அடிக்கடி ஒரே மாதிரி நடந்துகொண்டிருந்தது. தொட்டி நிரம்பி வழியும். மனைவி வந்து, "மோட்டார நிறுத்தச் சொன்னேனே" என்பாள். அவள் சொன்னதாகவே எனக்கு நினைவிருக்காது. தயிர் வாங்கி வரச் சொன்னதாகச் சொல்வாள். நான் வெறுங்கையோடு வந்து நிற்பேன். அவள் தங்கை வீட்டு வளைகாப்புக்கு என்றைக்குப் போக வேண்டும் என்று முந்தின நாள்தான் சொன்னாளாம். நான் வளைகாப்பு அன்றைக்குக் காலையில் பழைய நண்பர் ஒருவரோடு போளூர் கிளம்பிவிட்டேன். "சொன்னேனே, நீங்களும் ம்னு சொன்னீங்களே" என்பாள். ம் என்று சொன்னது மட்டும் மங்கலாக ஞாபகம் இருக்கும். எதற்குச் சொன்னேன் என்பது இருக்காது.

என் அப்பாவுக்கு இப்படித்தான் தொடங்கியது. அடி அண்ணாமலையில் நிலத்தைத் தவிர வேறெதையும் அறியாத மனிதர். கடைசிக் காலத்தில் முதலில் சொன்னதை மறந்தார், பிறகு சொன்னவர்களை மறந்தார். எங்கள் வீடு மலை சுற்றும் பாதையின் ஓரத்திலேயே இருந்தது. ஒரு பௌர்ணமியன்று வாசலில் உட்கார்ந்து கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், எழுந்து அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து நடக்கத் தொடங்கிவிட்டார். லட்சம் பேருக்கு நடுவில் ஒரு கிழவரை எங்கே தேடுவது. அண்ணனும் நானும் ஆளுக்கொரு திசையில் சுற்றினோம். விடிந்த பிறகு அதே பாதையில் குபேர லிங்கக் கோவிலுக்குப் பக்கத்தில் கண்டுபிடித்தோம். கால் முழுக்கக் கொப்புளம். யாரோ கொடுத்த பொங்கலைத் தொன்னையில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணனை நிமிர்ந்து பார்த்து, "நீ எந்த ஊருப்பா, எத்தினி சுத்து சுத்துன?" என்று கேட்டார். அண்ணன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அதனால் நான் தினமும் காலையில் குளியலறையில் என்னைச் சோதித்துப் பார்ப்பேன். மாவட்டத்தின் தாலுகாக்களை வரிசையாகச் சொல்வேன். பத்தொன்பதாம் வாய்ப்பாடு சொல்வேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அளந்த கிராமங்களையும், அங்கே நிலம் அளக்கும் சங்கிலியைப் பிடித்தவர்களின் பெயர்களையும் சொல்வேன். எல்லாம் கடகடவென்று வரும். நிம்மதியாகத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தால், "கேஸ்காரருக்கு ஃபோன் பண்ணச் சொன்னேனே, பண்ணிட்டீங்களா?" என்பாள். அந்த நிம்மதி அதோடு போய்விடும்.

ராம் வாங்கி வந்த மறுநாள் காலை, மனைவி காய்கறி வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். நான் பெட்டியை முன்னறைத் தரையில் படுக்க வைத்து, பக்கத்துத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே எங்கள் தெருவின் செம்மண் எல்லாம் படிந்திருந்தது. மேலாகத் துடைத்தேன். கடைக்காரர் சொன்னபடி பழைய ராமுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த ஸ்லாட்டில் புதியதை வைத்து அமுக்கினேன். கிளிப்புகள் மாட்டின. எனக்கே பெருமையாக இருந்தது. பிளக்கைச் செருகி பட்டனை அழுத்தினேன்.

விசிறி சுற்றியது, பச்சை விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். திரையின் கம்பியைக் கழற்றி மாட்டிப் பார்த்தேன். ராமை எடுத்து மறுபடி அமுக்கினேன். எதற்கும் அசையவில்லை. மாலையில் வகுப்பு இருந்தது. கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"பீப் வருதா சார்?" என்று கேட்டார்.

"அப்படின்னா?"

"உள்ள சின்னதா ஒரு ஸ்பீக்கர் இருக்கும். ஏதாவது கோளாறுன்னா ஆன் பண்ணதும் கூவும். ஃபேன நிறுத்திட்டு நல்லா கேட்டுப் பாருங்க."

மின்விசிறியை நிறுத்தினேன். ஜன்னலையும் சாத்தினேன். பெட்டிக்கு மேல் குனிந்து, மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். உள்ளே விசிறி உருளும் இரைச்சல் மட்டும்தான்.

"இல்லீங்க. எந்த சத்தமும் இல்ல."

"நிச்சயமாவா சார்?"

"நிச்சயமா."

"அப்ப மதர்போர்டு போயிருக்கும். ராம்ல கோளாறுன்னா கண்டிப்பா கத்தும் சார். சத்தமே இல்லன்னா மேட்டர் பெருசு. எடுத்துட்டு வாங்க, பாக்கலாம். ஆனா அந்தக் காலத்துப் போர்டு இப்ப கிடைக்கறது கஷ்டம்."

அதாவது ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரை நான் ஒரு காலைப் பொழுதில் கெடுத்துவிட்டேன். அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு, அதை அணைக்கக்கூடத் தோன்றாமல் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

மனைவி கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே, "என்னங்க அது, இப்படிக் கத்துது?" என்றாள்.

"எது?"

"இதுதான். கீ கீன்னு. தெருவுல வரும்போதே காதுல விழுது."

பக்கத்து வீட்டில் ஏதாவது வேலை நடக்கிறது போல என்று நினைத்தேன். "போர்டு போச்சாம். நான்தான் ஏதோ பண்ணிட்டேன் போலருக்கு" என்றேன்.

அவள் பையைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியருகே வந்து குனிந்தாள். காதைத் திருப்பினாள். "இதுலேருந்துதான் வருது" என்றாள்.

"விசிறி சத்தத்தச் சொல்றியா?"

"விசிறி இல்லீங்க. இது வேற." சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தாள். "இப்ப நின்னுடுச்சு." போட்டாள். பெட்டியின் பட்டனை அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் கையை உயர்த்தினாள், இறக்கினாள், மறுபடி உயர்த்தினாள். வகுப்பில் பிள்ளைகளை ஒருசேரப் படிக்க வைக்கும்போது செய்கிற மாதிரி. "இப்ப வருது. நின்னுது. இப்ப வருது. நின்னுது."

அவள் கை போவதை நான் பார்த்தேன். எதுவும் கேட்கவில்லை. முதலில் விளையாடுகிறாள் என்று தோன்றியது. அவள் முகத்தில் விளையாட்டு இல்லை.

போர்டில் ஒரு மூலையில் சட்டைப் பட்டன் அளவில் ஒரு கறுப்பு வட்டம் இருந்தது, நடுவில் சிறு துளையோடு. அதைக் காட்டி, "இங்கேருந்துதான்" என்றாள். மின்சாரம் ஓடும்போது உள்ளே கை வைக்கக் கூடாதுதான். ஆனாலும் ஆள்காட்டி விரலின் நுனியை அதன்மேல் வைத்தேன். விரல் நுனியில் ஒரு மெல்லிய அதிர்வு வந்தது, ஓய்ந்தது, வந்தது. நிமிர்ந்து அவள் கையைப் பார்த்தேன். விரலில் அதிர்வு வரும்போது கை உயர்ந்தது, ஓயும்போது இறங்கியது.

"ஏங்க, நெஜமாவே கேக்கலயா?"

"கேக்கல" என்றேன்.

அவள் என் போனை வாங்கி கடைக்காரரைக் கூப்பிட்டாள். "தம்பி, நான் அவரு வீட்ல பேசறேன். சத்தம் வருதுப்பா. நீளமா ஒண்ணு, நிறுத்தி மறுபடி நீளமா ஒண்ணு. ஓயாம வருது."

ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அவர் பேசியது எனக்கும் கேட்டது. "சார் இல்லன்னு அடிச்சி சொன்னாரே மேடம்."

"அவருக்கு அந்தச் சத்தம் கேக்கலப்பா."

என்னைப் பற்றி அப்படி ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை.

"அப்ப நல்லதாப் போச்சு மேடம். போர்டு உயிரோடதான் இருக்கு. ராம் சரியா உக்காரல, இல்ல ராமே சரியில்ல, இல்ல ஸ்லாட்டுல ஏதோ இருக்கு. ஒண்ணொண்ணா மாத்தி மாத்திப் போட்டுப் பாருங்க. எல்லாம் சரியா இருந்தா சின்னதா ஒரே ஒரு பீப் வரும், அப்பறம் படம் வந்துடும். ஒவ்வொரு தடவையும் பிளக்க புடுங்கிடுங்க."

நாங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம். கை என்னுடையது, காது அவளுடையது. புதிய ராமை எடுத்துவிட்டு பழையதை மட்டும் அதன் இடத்தில் விட்டுச் சுவிட்சைப் போட்டேன். "ஒண்ணே ஒண்ணு. சின்னது" என்றாள். திரையில் வெளிச்சம் வந்தது. கம்ப்யூட்டரை நான் கொல்லவில்லை. பழையதை எடுத்து அதே ஸ்லாட்டில் புதியதைப் போட்டேன். மறுபடி ஒரே ஒரு சத்தம், படம் வந்தது. ஆகப் புதியதும் நல்ல சரக்குதான். அடுத்து இரண்டாவது ஸ்லாட்டில் பழையதை மட்டும் வைத்தேன். அவள் முகம் சுளித்தாள். "கத்துது" என்றாள். புதியதை அதில் வைத்தேன். அதற்கும் கத்தியதாம். இரண்டு அட்டையும் நல்லவை, முதல் ஸ்லாட்டும் நல்லது. இத்தனை வருடம் யாரும் பயன்படுத்தாமல் கிடந்த இரண்டாவது ஸ்லாட்தான் கோளாறு.

டார்ச் அடித்துப் பார்த்தோம். பெட்டியின் பின்புறத்துத் துளை ஒன்றில் எப்போதோ குளவி கூடு கட்டியிருக்கிறது. அதன் மண் உதிர்ந்து அந்த நீளப் பள்ளத்தில் விழுந்து, காய்ந்து ஒட்டியிருந்தது. நான் வாயால் ஊதப் போனேன். "எச்சில் தெறிக்கும், ஊதாதீங்க" என்று தடுத்தாள். மகள் விட்டுப்போன படம் வரையும் பிரஷ் ஒன்றைத் தேடி எடுத்து வந்தாள். நான் பள்ளத்தைச் சுரண்டச் சுரண்டப் பொடி பொடியாக வந்தது. ராமின் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் துடைத்தேன். பிறகு இரண்டையும் இரண்டு ஸ்லாட்டிலும் வைத்து, கிளிப் மாட்டும்வரை அமுக்கி, பிளக்கைச் செருகினேன்.

நான் திரையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தேன். அவள் ஒரு விரலை உயர்த்தினாள். அடுத்ததற்காகக் காத்திருந்தாள். வரவில்லை. விரலை இறக்காமலேயே சிரித்தாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, "இங்க உக்காருங்க" என்று ஒரு பேப்பரையும் பேனாவையும் கொடுத்தாள். எனக்கு முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. "நான் சொல்றத எழுதுங்க" என்றாள். அறுபது வயதைத் தாண்டி எனக்கு டிக்டேஷன். நான் எழுதினேன். அவள் வந்து பார்த்தாள். அவள் காசு என்று சொன்னதற்கு நான் காது என்று எழுதியிருந்தேன். தட்டு என்றதற்குப் பட்டு. பாசி என்றதற்குப் பாதி. அவள் எதிரில் வந்து உட்கார்ந்து அதே சொற்களைச் சொன்னாள், ஒன்றும் தப்பவில்லை. முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு மறுபடி சொன்னாள். திரும்பவும் பாதி தப்பு. இத்தனை நாளாக நான் பாதியைக் காதால் கேட்டு, மீதியை அவள் உதட்டிலிருந்து எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கே தெரியாமல்.

"நேருக்கு நேரா உக்காந்து சொன்ன எதையும் நீங்க மறந்ததில்ல" என்றாள் அவள் மெதுவாக. "இப்பத்தான் யோசிக்கிறேன். மோட்டார நிறுத்தச் சொன்னது சமையக்கட்டுலேருந்து. தயிர் சொன்னது நீங்க வண்டிய ஸ்டார்ட் பண்ணும்போது. வளைகாப்பு சொன்னப்ப நான் துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தேன்."

நான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டேன்.

அன்று மாலை வகுப்பு கடைசிவரை தடங்கல் இல்லாமல் நடந்தது. யாரும் சிலையாகவில்லை.

இரண்டு நாள் கழித்து டவுனில் காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவரிடம் போனோம். முதலில் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டிவிட்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையிலிருக்கும் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். தொடக்கத்தில் பம் பம் என்று கேட்டது, அமுக்கினேன். பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை. சோதனை முடிந்துவிட்டது போலும் என்று கண்ணாடிக்கு வெளியே பார்த்தால், சோதனை செய்யும் பெண் இன்னும் மும்முரமாகக் குமிழைத் திருகிக்கொண்டிருந்தார்.

டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. படம் போட்ட தாளை எங்கள் பக்கம் திருப்பினார். ஒரு கோடு சமமாகப் போய், பாதியில் ஏரிக்கரை மாதிரிச் சரிந்து இறங்கியது. "கனமான சத்தம் எல்லாம் நல்லா கேக்குது. மெல்லிசா, கீச்சுன்னு இருக்கற சத்தம்தான் கேக்கல. பேச்சுல ச, த, ப மாதிரி எழுத்தெல்லாம் இதனால தெளிவா விழாது. யாரோ பேசறாங்கன்னு தெரியும், என்ன பேசறாங்கன்னு தெரியாது. வயசானா வர்றதுதான். உங்களுக்குக் கொஞ்சம் ஜாஸ்தி."

நான் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "டாக்டர், வீட்ல சொல்றது எதுவும் எனக்கு ஞாபகம் இருக்கறதில்ல. எங்க அப்பாவுக்கு மறதி நோய் இருந்துது. எனக்கும் அது வந்துடுச்சோன்னு..."

பக்கத்தில் மனைவி சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. அப்பாவைப் பற்றி விசாரித்தார். பிறகு என்னிடம் தேதி, வீட்டு முகவரி, காலையில் என்ன சாப்பிட்டேன் என்பதையெல்லாம் கேட்டார். மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லி, வேறு பேச்சுப் பேசிவிட்டு, அவை என்னவென்று திருப்பிக் கேட்டார். சொன்னேன். "காதுக்குள்ள போகாத விஷயம் எப்படிங்க ஞாபகத்துல இருக்கும்?" என்றார். "காதுக்கு மிஷின் வச்சிக்கோங்க. ஆறு மாசம் கழிச்சி வந்து பாருங்க. அப்பவும் சந்தேகம் இருந்தா நானே வேற டாக்டர்கிட்ட அனுப்பறேன். இப்ப அப்படி எதுவும் தெரியல."

வெளியே வந்து ஒரு கடையில் நின்று டீ குடித்தோம். பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது போகும்வரை மனைவி காத்திருந்தாள். என் பக்கம் திரும்பி, முகத்தை நேராக வைத்துக்கொண்டு பேசினாள்.

"நானும் அதத்தான் பயந்துட்டு இருந்தேன். அந்த டாக்டர்கிட்ட உங்களுக்குத் தெரியாம தனியா கேக்கணும்னு இருந்தேன்."

"எத்தினி நாளா?"

"வளைகாப்புலேருந்து. அதான் உங்கள வெளிய எங்கயும் தனியா விடல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மாதங்களில் நான் பால் வாங்கப் போனால் அவளும் வந்தாள். முடி வெட்டப் போனபோதுகூட, எதிர்க்கடையில் ஊசி நூல் வாங்க வேண்டும் என்று வந்து, நான் வெளியே வரும்வரை அந்தக் கடையிலேயே நின்றிருந்தாள். ஓய்வு பெற்ற பிறகு துணைக்கு ஆள் தேடுகிறாள் என்று நினைத்து நான் உள்ளுக்குள் சலித்துக்கொண்டிருந்தேன். என் அப்பா மாதிரி நான் கூட்டத்தில் கலந்துவிடுவேனோ என்று அவள் எனக்குக் காவல் இருந்திருக்கிறாள். ஒரே வீட்டில் ஒரே பயத்தை ஆளுக்கொரு பக்கம் ஒளித்து வைத்துக்கொண்டு, எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம்.

"சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நீங்க சொல்லியிருக்கலாமே" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். டீக்கடைக்காரர் என்ன விஷயம் என்பதுபோல் எட்டிப் பார்த்தார்.

அடுத்த மாதம் காது மிஷின் வந்தது. முதல் இரண்டு நாள் அதைக் கழற்றி எறிந்துவிடலாமா என்று இருந்தது. செய்தித்தாளைப் புரட்டினால் தகரத்தை மடிக்கிற மாதிரி சத்தம். தாளிக்கும் கடுகு தலைக்குள் வெடித்தது. எங்கள் வீட்டுக் குழாய் சொட்டுகிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பிறகு பழகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனைப் பார்க்க அடி அண்ணாமலைக்குக் கிளம்பினேன். மனைவி தனக்கு வேலை இருக்கிறது, போய்விட்டு வாருங்கள் என்றாள். அண்ணன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, பௌர்ணமிக்குப் பௌர்ணமி வீட்டு முன்னால் இளநீர் விற்கிறவன். நான் போனபோது டிவி தெருவரைக்கும் அலறிக்கொண்டிருந்தது. அண்ணி அதை நிறுத்திவிட்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

"இன்னாடா காதுல?" என்றான் அண்ணன்.

சொன்னேன். கம்ப்யூட்டர் கத்தியதிலிருந்து டாக்டர் சொன்னதுவரை எல்லாவற்றையும், அவன் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அப்பாவை நினைத்து நான் பயந்ததையும் சொன்னேன். சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். அண்ணி இருக்கிறாரா என்று உள்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"நெஜமாவே காதுதான்னு சொன்னாங்களா?"

"ஆமாண்ணா."

"எனக்கும் ஒரு வருசமா அப்படித்தான்டா கீது. இவ சொல்றது எதுவும் மண்டைல நிக்க மாட்டேங்குது. அன்னைக்கி கெழவன் என்னைய எந்த ஊருன்னு கேட்டான் பாரு, அதான் கண்ணு முன்னால வந்து நிக்குது. பசங்ககிட்ட சொன்னா பயந்துடுவாங்கன்னு உட்டுட்டேன்."

அவனுக்கும் காதுதான் என்று என்னால் எப்படிச் சொல்ல முடியும். "காட்டிடலாம்ணா. என்னன்னு தெரிஞ்சிடும்" என்றேன்.

"எப்போ?"

"நாளைக்கு டாக்டர் இருப்பாங்க."

"நாளைக்கே போலாம்" என்றான்.

மறுநாள் அவனை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். அவன் இரண்டு காதிலும் அழுக்கு கல்லாக இறுகி அடைத்திருந்தது. சொட்டு மருந்து கொடுத்து, ஒரு வாரம் கழித்து வரச்சொல்லி எடுத்தார்கள். அதற்குப் பிறகும் கேட்பது கொஞ்சம் குறைவுதான் என்றாலும், இப்போதைக்கு மிஷின் வேண்டாம் என்றார் டாக்டர். அண்ணனும் அதே மூன்று பொருள்களைத் திருப்பிச் சொன்னான், சொல்லிவிட்டு நாலாவதாக ஒன்று கேட்கட்டுமே என்பதுபோல் டாக்டரைப் பார்த்தான். வெளியே வந்து வண்டியில் ஏறியதும், எல்லாரும் ஏன் இப்படி ஹாரன் அடிக்கிறார்கள் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தான். நான் அவன் திட்டுவதை முழுவதும் கேட்டுக்கொண்டு ஓட்டினேன்.